கூலி என்றால் பேனா

ஜெர்மனியில் பேனாவுக்குப் பெயர் கூலி. முறையான பெயர் கூகல்ஷ்ரைபர், அதாவது உருண்டையால் எழுதுவது. ஆனால் கடையிலும் வங்கியிலும் அலுவலகத்திலும் அவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை. "கூலி இருக்கா?" என்று கேட்டால் கையெழுத்துப் போட ஒரு பால்பாயின்ட் பேனா வேண்டும் என்று பொருள். உச்சரிப்பில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. நெடில் கூ, அப்புறம் லி.

நான் ஹாம்பர்க்கில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் பில் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் கோத்தகிரி. எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். அதனால் பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்துக் கையை நீட்டி இந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. மனிதர் அப்பாவி. சொல் எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டேன். "கூகல்ஷ்ரைபரின் சுருக்கம், வேறென்ன?" என்றார். அந்த நீளப் பெயரில் தேடினால் 'லி' எங்கேயும் இல்லையே என்று எனக்கு ஒரு குடைச்சல்.

குடைந்து பார்த்ததில் கதை நான் வேலை பார்க்கும் ஊரிலேயே கிடைத்தது. 1928-இல் ஹாம்பர்க்கில் 'டின்டென்கூலி' என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். டின்டெ என்றால் மை. நிப்புக்குப் பதிலாக ஊசி போன்ற குழாய் முனை வைத்த பேனா அவர்களுடைய சரக்கு. எவ்வளவு அழுத்தி எழுதினாலும் தாங்கும், கார்பன் தாள் வைத்து எழுதலாம், முரட்டு உழைப்பு உழைக்கும். அதனால் அது மைக்கூலி. இந்த நிறுவனம்தான் பின்னாளில் ரோட்ரிங் ஆனது. நம் ஊரில் இன்ஜினியரிங் டிராயிங் போட்டவர்களுக்கு அந்தச் சிவப்பு வளையப் பேனா நினைவிருக்கும். போருக்குப் பிறகு பால்பாயின்ட் வந்தது. ஏற்கெனவே மக்கள் வாயில் இருந்த 'கூலி' புதிய பேனாவின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. பெயரின் முதல் எழுத்தும் 'கூ' என்பதால் சுருக்கம் போலவே ஒட்டிக்கொண்டது. ஆக, அந்தப் பேனா நிஜமாகவே நம் கூலிதான். ரயில் நிலையங்களில் பெட்டி தள்ளும் வண்டிக்கும் 'கொஃபர்கூலி' என்று பெயர், பெட்டிக்கூலி. சுமக்கிற ஆள் போய்விட்டார், சுமக்கிற சாமான் அவர் பெயரை எடுத்துக்கொண்டது.

இதே மையும் கூலியும் உலகின் இன்னொரு மூலையிலும் சேர்ந்திருக்கின்றன. இந்தோனேசியாவில் பத்திரிகைக்காரர்களைக் 'கூலி திந்தா' என்பார்கள். திந்தா என்றால் அங்கேயும் மைதான். ஜெர்மன்காரர் பேனாவைக் கூலி என்றார், இந்தோனேசியர் பேனா பிடித்தவரை. பத்திரிகைக்காரர்களே தங்களைப் பற்றிக் கொஞ்சம் கேலியாக, கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. கட்டட வேலை செய்பவர் அங்கே 'கூலி பங்குனான்'.

இனி நம் பக்கம் வருவோம். தமிழில் கூலி என்றால் என்ன? நகைக்கடை விளம்பரத்தைக் கேளுங்கள்: செய்கூலி, சேதாரம். தையல்காரரிடம் தையற்கூலி. லாரியில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. மாவு மில்லில் அரவைக்கூலி. எல்லாமே பணம். வேலைக்குப் பதிலாகக் கையில் விழுவது. ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு சொல்லை ஒட்டவேண்டும்: கூலியாள், கூலிக்காரர், கூலிப்படை. கூலிக்கு மாரடிக்கிறது என்ற வசவில் கூட மாரடிப்பவர் வேறு, அதற்கு வாங்கும் காசு வேறு. வெறும் 'கூலி' என்று ஒரு மனிதனைச் சொல்லும் வழக்கம் இப்போது தமிழிலும் இருக்கிறது. அது வெளியே போய் உருமாறித் திரும்பி வந்த பொருள் என்பது என் எண்ணம்.

குறளில் இந்தச் சொல் எவ்வளவு கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." தெய்வமே கைவிட்டாலும் உடம்பு வருந்தியதற்கு உரியது வந்து சேரும் என்கிறது. மாணிக்கவாசகர் இன்னும் ஒரு படி மேலே போய்க் கடவுளையே வாங்க வைத்தார். திருவம்மானையில் "மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு" என்று வருகிறது. வைகைக் கரை உடைந்தபோது வந்திக் கிழவியின் பங்குக்கு மண் சுமக்க வந்த சொக்கன், உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டான். வேலையை ஒழுங்காகச் செய்யாமல் தூங்கிப் பாண்டியனிடம் பிரம்படியும் வாங்கினான். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது. மதுரையில் ஆவணி மாதம் இன்றும் பிட்டுத் திருவிழா நடக்கிறது. 'கூலிகொண்டு' என்ற சொல்லாட்சியில் சிவன் கூலி ஆகவில்லை, கூலியைக் கொண்டான். பிட்டுதான் கூலி.

மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் இதே பொருளோடு இருக்கிறது. தெலுங்கில் ஆளையும் சேர்த்துக் குறிக்கும். மலையாளிகள் இதில் ஒரு சாதனையே செய்திருக்கிறார்கள்: நோக்குகூலி. நம் வீட்டு ஃபிரிட்ஜை நாமே ஆள் வைத்து இறக்கிக்கொள்கிறோம். சங்கத்துச் சுமட்டுத் தொழிலாளிகள் ஓரமாக நின்று பார்க்கிறார்கள். பார்த்ததற்குக் காசு. கேரள அரசு 2018 மே 1 முதல் அதை ஒழிப்பதாக அறிவித்தது. தொழிலாளர் தினத்தன்றே. நியாயமோ அநியாயமோ, அதிலும் கூலி என்றால் பணம்தான்.

சரி, இந்தப் பணம் எப்போது மனிதன் ஆனது? இங்கே அகராதிக்காரர்களுக்குள் பழைய வழக்கு ஒன்று உண்டு. குஜராத் கடற்கரையில் கோலி என்ற மக்கள் இருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த போர்த்துகீசியர், சுமைதூக்கும் வேலைக்கும் துடுப்பு வலிக்கும் வேலைக்கும் அவர்களைப் பார்த்து அந்தப் பெயரையே தொழிலுக்கு வைத்தார்கள் என்பது ஒரு கட்சி. தமிழ்க் கூலிதான் மூலம் என்பது இன்னொரு கட்சி. 1886-இல் வந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதியே இரண்டையும் பேசுகிறது. மூன்றாவதாகத் துருக்கியக் 'குல்' வருகிறது. அடிமை, ஊழியன் என்று பொருள். 1591-இல் ஹைதராபாத்தை நிறுவிய முகமது குலி குதுப் ஷாவின் பெயரில் இருக்கிற குலி அதுதான். அங்கே அது ராஜாவின் பெயர், முகமது நபிக்கு அடிமை என்ற பணிவு.

உலகத்துச் சொல்லெல்லாம் தமிழே என்று மார்தட்டும் கூட்டத்தில் நான் இல்லை. குஜராத்தில் கேட்ட கோலியும் சோழமண்டலக் கரையில் கேட்ட கூலியும் மாலுமிகளின் வாயில் ஒன்றோடொன்று கலந்திருக்கும் என்பதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. கலந்தபோது கோலியிலிருந்து ஆள் வந்தார், நம் கூலியிலிருந்து வேலை வந்தது. இடையில் சம்பளம் காணாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு இந்தச் சொல் போன இடங்களில் பெரும்பாலும் ஆள் இருக்கிறார், அவர் வாங்குவது என்ன என்ற பேச்சே இல்லை.

சீன மொழியில் இதை எழுதும் விதம் பயங்கரமானது. வெளியிலிருந்து வரும் சொல்லைச் சீனர்கள் ஒலியும் பொருளும் பொருந்துகிற எழுத்துகளாகப் பொறுக்கி எழுதுவார்கள். கூலிக்கு அவர்கள் பொறுக்கியது இரண்டு எழுத்து. 'கூ' என்றால் கசப்பு, துன்பம். 'லீ' என்றால் உடல் வலு. கசந்த வலு. திருவள்ளுவர் சொன்ன மெய்வருத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது, பின்னால் வரவேண்டிய கூலிதான் இல்லை. 1847-க்கும் 1874-க்கும் இடையில் ஏறத்தாழ 1,25,000 சீனர்கள் கூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் கொண்டுசேர்க்கப்பட்டார்கள். எட்டு வருட ஒப்பந்தம், மாதம் நான்கு பெசோ. வடக்கே கலிஃபோர்னியாவில் 1862-இல் 'கூலி எதிர்ப்புச் சட்டம்' என்றே ஒரு சட்டம் வந்தது. வெள்ளைக்காரத் தொழிலாளிகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, சீனத் தொழிலாளி ஒவ்வொருவர் தலையிலும் மாதம் இரண்டரை டாலர் வரி போட்டார்கள். கூலி என்று பெயர் வைத்து, அவர் வாங்குவதிலிருந்தே பிடுங்கிக்கொள்வது.

அதைவிடக் கொடுமை நம் நாட்டிலேயே நடந்தது. இமயமலையடிவாரத்துக் குமாவுனில் வெள்ளை அதிகாரி சுற்றுப்பயணம் போனால் அவருடைய கூடாரம், கட்டில், பெட்டி எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் சுமக்க வேண்டும். பெரும்பாலும் பைசா கிடையாது. ஊர்த் தலைவரிடம் பெயர்ப் பதிவேடு இருக்கும், முறைவைத்து அனுப்புவார்கள். இந்த முறைக்குப் பெயர் 'கூலி பேகார்'. பேகார் என்றால் ஊதியமில்லாத கட்டாய வேலை. கூலி இல்லாத கூலி! தமிழ்க் காதுக்கு இது வெறும் உளறல். அங்கே அது அரசாங்க நடைமுறை. 1921 ஜனவரியில் பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழாவுக்கு, அதாவது நம் பொங்கல் நாளையொட்டி, கூடிய ஆயிரக்கணக்கான பேர் பத்ரி தத் பாண்டே போன்றவர்களின் தலைமையில் அந்தப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினார்கள். இனிச் சுமப்பதில்லை என்று ஆற்றுத் தண்ணீர் தொட்டு உறுதி எடுத்தார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் தரவேண்டிய சம்பவம், நான் படித்த புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லை.

இந்தியில் இப்போது கூலி என்றால் ரயில் நிலையத்துச் சுமைதூக்குபவர். சிவப்புச் சட்டை, கையில் பித்தளைப் பில்லை. அவர் வாங்கும் காசுக்கு மஜ்தூரி என்று வேறு சொல். வேடிக்கை என்னவென்றால், சென்னை சென்ட்ரலில் நாம் அவரைப் 'போர்ட்டர்' என்று கூப்பிடுகிறோம். வடக்கே நம் சொல், இங்கே ஆங்கிலச் சொல். 2016 ரயில்வே பட்ஜெட்டில் கூலி என்ற பெயரை 'சஹாயக்' என்று மாற்றுவதாக அறிவித்தார்கள், உதவியாளர். நல்ல எண்ணம்தான். பெயர் மாறியது, தலையில் சுமை மாறவில்லை.

கடல் கடந்த கதைகளில் தென்னாப்பிரிக்காதான் மோசம். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக்காரர்களாக இறங்கியவர்களில் தமிழரும் தெலுங்கரும் இருந்தார்கள். பிறகு குஜராத்தி வியாபாரிகள் தங்கள் காசில் டிக்கெட் எடுத்துப் போனார்கள். அவர்களும் கூலி வியாபாரிகள் ஆனார்கள். 1893-இல் போன காந்தி கூலி பாரிஸ்டர் ஆனார். அதாவது வேலையே இல்லாமல் வெறும் தோல் நிறத்துக்கான சொல்லாகிவிட்டது. காந்தியின் சுயசரிதையில் எனக்குப் பிடித்த பகுதி இதையொட்டி வருகிறது. கூலியோடு 'சாமி' என்றும் இந்தியர்களைக் கூப்பிட்டார்கள், தமிழ்ப் பெயர்கள் ராமசாமி, முனுசாமி என்று முடிவதைக் கேட்டு. விஷயம் தெரிந்தவர்கள் திருப்பிக் கொடுப்பார்களாம்: சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உங்கள் எஜமான் இல்லையே! சில வெள்ளைக்காரர்களுக்கு முகம் சுண்டிவிடும் என்று எழுதுகிறார். கூலிக்கு மட்டும் யாருக்கும் அப்படி ஒரு பதில் கிடைக்கவில்லை போலும். அங்கே இன்றைக்கும் அது வாயில் எடுக்கக் கூடாத வசை.

மொரீஷியஸில் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் 16 கல்படிகள் இருக்கின்றன. இறக்குமதியான தொழிலாளிகள் ஏறிவந்த படிகள். அந்த இடத்துக்குக் கூலி காட் என்று பெயர் இருந்தது. இப்போது ஆப்ரவாசி காட், வந்து குடியேறியவர்களின் படித்துறை. 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1834 நவம்பர் 2-இல் அட்லஸ் என்ற கப்பலில் 36 பேர் வந்திறங்கியதை வைத்து அந்த நாள் அங்கே அரசு விடுமுறை. பெயரை மாற்றியவர்கள் ஒருபுறம் இருக்க, கால் தோராபுல்லி என்ற மொரீஷியஸ் கவிஞர் அதே சொல்லை நெஞ்சு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு 'கூலிட்யூட்' என்று ஒரு கருத்தையே உருவாக்கினார். கறுப்பினக் கவிஞர்கள் தங்கள் மேல் எறியப்பட்ட சொல்லை எடுத்துக் கொடியாக்கிய மாதிரி. எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. பெயர்ப்பலகையைக் கழற்றுவது சுலபம்.

ஜமைக்காவில் ஒரு பழத்துக்குக் 'கூலி பிளம்' என்று பெயர். படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நம் இலந்தைப் பழம்! நம்மவர்களோடு சேர்த்துப் பேசப்பட்டதால் பழத்துக்கும் அந்தப் பெயர். வியட்நாமில் 'கு லி' என்றால் தேவாங்கு, ரப்பர் தோட்டத் தொழிலாளியும் 'கு லி'. இது ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் என்ற பொருளைத் தவறவிடாமல் வைத்துக்கொண்ட அயல்மொழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. சிங்களம். கொழும்பில் வீட்டு வாசலில் 'குலியட்ட' என்று பலகை தொங்கினால் வீடு வாடகைக்கு விடப்படும் என்று பொருள். குலிய என்றால் வாடகை. வாடகை வீடு 'குலீ கெதர'. வண்டிக்குக் கொடுப்பதும் அதுதான். குறில் ஆகியிருக்கிறது, மற்றபடி பொருள் பத்திரம்.

அதே தீவில்தான் ஆங்கிலேயர் எங்கள் ஆட்களைக் கூலி என்று அழைத்தார்கள். மலையகத் தோட்டத் துரைமார்கள் வேலையாட்களோடு பேசப் படித்த தமிழுக்கே 'கூலித் தமிழ்' என்று பெயர், அந்தப் பெயரில் கையேடு அச்சடித்தார்கள். அதில் வாக்கியமெல்லாம் வா, போ, எடு, சீக்கிரம் ரகம்.

என் அப்பாயி ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கமிருந்து கங்காணியோடு போனவர். போகும் வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் கங்காணியின் நோட்டில் கடன். தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்கிற சீட்டு. கடனோடு ஆளும் கைமாறுவார். 1921-இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு போகும். ஆக, கணக்குப் புத்தகத்தில் கூலிக்காரர் பெயருக்கு எதிரே கடன், அவர் தலையை எண்ணிக் கங்காணிக்கு வரவு. அவருடைய கூலி எந்தப் பத்தியில் இருந்தது என்று பில் சரிபார்க்கிற எனக்கே புரிய நேரம் பிடித்தது.

அப்பாயி வாயிலிருந்து கூலி என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. அவர் சொல்வது 'பேர்'. காலையில் பிரட்டுக் களத்தில் ஆஜர் சொல்லி, மலைக்கு ஏறி, சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் ஒரு பேர் விழும். ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். "அவளுக்கு இருபத்தஞ்சு பேரு" என்றால் அந்த மாதம் 25 நாள் சம்பளம். முதன்முதலில் கேட்டபோது 25 பேர் யார் யார் என்று தேடினேன். இங்கே சம்பளத்துக்கே மனிதப் பெயர் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் நடந்ததற்கு நேர் எதிர்.

1964-இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் காகிதத்தில் பிரித்தது. 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சத்தைப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அதில் அப்பாயி இந்தப் பக்கம் விழுந்தார், அவருடைய மூத்த மகள், என் பெரியத்தை, கல்யாணமாகி அந்தப் பக்கம். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கிக் கோத்தகிரிக்கு வந்த அப்பாயி இங்கேயும் கொழுந்துதான் எடுத்தார்.

பெரியத்தை வீட்டில் அவருடைய மருமகள் இன்னும் மலைக்குப் போகிறாள். 2021 மார்ச்சில் அங்கே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயித்தபோது வாட்ஸப்பில் ஒரே கொண்டாட்டம். கொஞ்ச நாளில் அவள் தோட்டத்தில் கொழுந்தின் கிலோ அளவை ஏற்றிவிட்டார்கள். பழைய அளவு எடுத்தால் அதற்குப் பிறகு அரைப் பேர். முழுப் பேர் விழுந்த நாள் எத்தனை என்று மாதா மாதம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி எனக்குப் படம் அனுப்புகிறாள். தோட்டத்துச் சம்பளச் சீட்டோடு வைத்துச் சரிபார்த்து அனுப்ப வேண்டியது என் வேலை. போன மாதம் இரண்டு பேர் குறைந்திருந்தது. கணக்கப்பிள்ளையிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.